மறுக்கப்பட்ட செயலி எங்கே போகும்?
திறந்த தளம், மூடிய தளம் என்னும் பிரிவினை குறித்து

1. ஒரு மார்ச் மாதம்

2024 மார்ச் 1ஆம் தேதி கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து சில இந்திய நிறுவனங்களின் செயலிகளை அகற்றியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம் நடத்தும் பாரத் மேட்ரிமோனி அவற்றில் ஒன்று. வேலை தேடுவோர் பயன்படுத்தும் நௌக்ரியும், வீடு மனை தேடுவோர் பயன்படுத்தும் 99ஏக்கர்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தன. செயலிக்குள் நடக்கும் விற்பனையில் கூகுள் கேட்கும் பங்கு பற்றிய தகராறு அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2023 ஆகஸ்டில் நிறுவனங்களின் மனுக்களை நிராகரித்திருந்தார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. மூன்று வாரம் கழித்துச் செயலிகள் அகற்றப்பட்டன. ஒன்றிய அமைச்சர் தலையிட்ட பிறகு, சில நாள்களில் அவை திரும்பி வந்தன. கட்டணத் தகராறு மட்டும் அப்படியே நின்றது.

ஆண்ட்ராய்டு திறந்த தளம் என்றே அறியப்படுகிறது. அதன் மூலநிரலை யாரும் இறக்கிக்கொள்ளலாம். கூகுள் கடைக்கு வெளியிலிருந்தும் செயலியை நிறுவலாம். நீக்கப்பட்ட நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே ஏபிகே என்னும் நிறுவல் கோப்பை வைத்து, இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எந்தச் சட்டத் தடையும் இல்லை, தொழில்நுட்பத் தடையும் இல்லை. நீக்கத்துக்கு ஒன்பது நாள் முன்புதான், பிப்ரவரி 21 அன்று, போன்பே நிறுவனம் இண்டஸ் ஆப்ஸ்டோர் என்ற மாற்றுக் கடையைத் திறந்திருந்தது. இத்தனை வழிகள் இருந்தும் நீக்கம் ஒரு நெருக்கடியாகவே உணரப்பட்டது. தீர்வுக்காக அந்த நிறுவனங்கள் அரசிடம்தான் போக வேண்டியிருந்தது. வாடிக்கையாளரிடம் நேரே போவது நடைமுறையில் வழியாகத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரையின் கேள்வி இங்கே பிறக்கிறது. செயலி செய்பவரின் இடத்தில் நின்று பார்த்தால், ஒரு தளம் திறந்தது என்று சொல்வதற்கு என்ன பொருள்? மூலநிரலின் உரிமம், கட்டண விகிதம், கருவிகளின் தாராளம் என்று பல அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. தளத்தின் உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒரு செயலி அதற்குப் பிறகும் மக்களின் கையைச் சென்றடைய முடிகிறதா என்பதே இவற்றில் அடிப்படையானது என்று நான் கருதுகிறேன். அதை வைத்துப் பார்த்தால் நாம் வழக்கமாக இழுக்கும் எல்லைக்கோடு இடம் மாறுகிறது.

2. இரண்டு வரையறைகள்

2010 அக்டோபரில் இந்தச் சொல்லுக்காகவே ஒரு பொது மோதல் நடந்தது. ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் காலாண்டு முடிவுகளை அறிவிக்கும் அழைப்பில் பேசும்போது, திறந்தது மூடியது என்ற எதிர்வையே ஏற்க மறுத்தார். ஒருங்கிணைந்த அமைப்பா, துண்டு துண்டாகச் சிதறிய அமைப்பா என்பதுதான் உண்மையான கேள்வி என்பது அவர் வாதம். ஆண்ட்ராய்டை வழிநடத்திய ஆண்டி ரூபின் ட்விட்டரில் பதில் சொன்னார். ஆண்ட்ராய்டின் மூலநிரலை இறக்கித் தொகுப்பதற்கான கட்டளை வரிகளை வரிசையாக எழுதி, திறந்தது என்பதற்கு இதுவே விளக்கம் என்றார்.

இருவர் பேச்சிலும் செயலி செய்பவர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜாப்ஸ் பயனரைப் பற்றிப் பேசினார். ரூபினின் கட்டளை வரிகள் உண்மையில் கைபேசி தயாரிப்பவருக்குத்தான் பயன்படும். அன்று தொடங்கி, திறந்த தளம் பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டு தண்டவாளங்களின் மீதே ஓடியது.

ஐபோன் 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தபோது அதில் பிறர் செய்த செயலிகளுக்கு இடமே கிடையாது. சஃபாரி உலாவியில் இயங்கும் இணையச் செயலிகளே போதும் என்றது ஆப்பிள். அதே ஆண்டு அக்டோபரில் ஜாப்ஸ் நிலையை மாற்றிக்கொண்டார். 2008 ஜூலை 10 அன்று சுமார் 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் திறந்தது. விலையில் 70 விழுக்காடு செய்தவருக்கு, 30 விழுக்காடு ஆப்பிளுக்கு. ஆண்டுக் கட்டணம் 99 டாலர். அதே ஆண்டு அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியும் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டும் வந்தன. அங்கே ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும்.

இன்று மூடியது என்று நாம் வகைப்படுத்தும் ஆப் ஸ்டோர், 2008இல் நிரலாளருக்கு ஒரு பெரிய திறப்பாகவே வந்தது. அதற்கு முந்தைய உலகில் ஒரு ஜாவா விளையாட்டை விற்க வேண்டுமானால், தொலைபேசி நிறுவனம் ஒவ்வொன்றோடும் தனித்தனியே பேரம் பேச வேண்டும். கைபேசி மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சிம்பியன் இயங்குதளத்தில் முக்கியமான வசதிகளைத் தொட வேண்டுமானால் கையொப்பச் சான்று வாங்க வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும், ஒரே விண்ணப்பத்தில் உலகச் சந்தைக்கு வரலாம் என்ற நிலையை ஆப்பிளின் கடைதான் முதலில் பெருமளவில் உண்டாக்கியது. இதை ஒப்புக்கொள்ளாத விமர்சனம் நேர்மையானதல்ல. முன்பு இருந்த பல சிறு வாயிற்காவலர்களுக்குப் பதிலாக ஒரே பெரிய வாயிற்காவலர் வந்தார். அந்தப் பரிமாற்றம் அன்று நிரலாளருக்கு லாபமாகவே இருந்தது.

3. ஆய்வாளர்கள் சொன்னவை

சட்டப் பேராசிரியர் ஜொனாதன் சிட்ரெய்ன் 2008இல் வெளியிட்ட நூல், இணையத்தின் எதிர்காலம் பற்றி ஓர் எச்சரிக்கையை முன்வைத்தது. யாரும் எதையும் எழுதி ஓட்டக்கூடிய கணினியின் ஆக்கத்திறன், தயாரிப்பாளரின் கயிற்றில் கட்டப்பட்ட கருவிகளிடம் தோற்றுப்போகும் என்றார் அவர். காரணமாக அவர் சுட்டியது நிறுவனங்களின் பேராசையை மட்டுமல்ல, தீநிரல்களுக்கு அஞ்சும் மக்களின் நியாயமான பயத்தையும்தான். அந்தப் பயம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.

கெவின் பூட்ரோ 2010இல் வெளியிட்ட ஆய்வு அளவைகளோடு பேசுகிறது. 1990 முதல் 2004 வரை வந்த கையடக்கக் கணினி அமைப்புகளை எடுத்துக்கொண்டு, தளத்தைத் திறப்பதில் இரண்டு வகைகளை அவர் பிரித்தார். பிறருக்கு நுழைவு கொடுப்பது ஒன்று. தளத்தின் மீதான கட்டுப்பாட்டையே விட்டுக்கொடுப்பது மற்றொன்று. நுழைவு கொடுத்த இடங்களில் புதிய கருவிகள் வரும் வேகம் ஐந்து மடங்கு வரை கூடியது. கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்ததால் வந்த கூடுதல் பயன் மிகச் சிறியது.

இந்த முடிவைத் தள உரிமையாளர்கள் விரும்புவார்கள். கதவைத் திறந்து வையுங்கள், சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அது சொல்வதுபோல் படுகிறது. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. பூட்ரோ எண்ணியது வெளிவந்த கருவிகளை, அதுவும் வன்பொருளை. உரிமையாளர் மறுத்ததால் வராமல் போனவை அந்தக் கணக்கில் இடம்பெற வாய்ப்பில்லை. ஒரு கடையில் இருபது லட்சம் செயலிகள் இருப்பது நுழைவு தாராளமாக இருக்கிறது என்பதற்குச் சான்று. உரிமையாளரின் நலனுக்கோ, அவர் அஞ்சும் அரசின் நலனுக்கோ எதிரான ஒரே ஒரு செயலிக்கு என்ன நடக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. 2021 செப்டம்பர் 17 அன்று, ரஷ்யத் தேர்தல் தொடங்கிய நாளில், எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி அணியின் வாக்காளர் செயலியை ஆப்பிளும் கூகுளும் இரண்டுமே தங்கள் கடைகளிலிருந்து எடுத்தன. அந்த நாளில் இரு தளங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். ஆண்ட்ராய்டில் அந்தச் செயலியைக் கோப்பாகப் பெற்று நிறுவும் வாய்ப்பு தொழில்நுட்ப அளவில் இருந்தது. ஐபோனில் அது இல்லை.

4. மூலநிரல் கையில் இருந்தால் போதுமா?

2012 செப்டம்பரில் ஏசர் நிறுவனம் சீனாவின் அலியுன் இயங்குதளத்தில் ஒரு கைபேசியை ஷாங்காயில் வெளியிட இருந்தது. கடைசி நேரத்தில் வெளியீட்டைக் கைவிட்டது. அலியுன், ஆண்ட்ராய்டோடு ஒத்துப்போகாத ஒரு கிளை என்பது கூகுளின் நிலை. கூகுளின் கூட்டணியில் இருக்கும் தயாரிப்பாளர் அப்படிப்பட்ட கிளையை விற்பது ஒப்பந்தத்துக்கு முரண். மூலநிரலின் உரிமம் கிளை பிரிப்பதை அனுமதிக்கிறது, வணிக ஒப்பந்தம் தடுக்கிறது. 2018 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஆணையம் விதித்த 434 கோடி யூரோ அபராதத்துக்கு இத்தகைய ஒப்பந்தங்களும் ஒரு காரணம். 2022இல் நீதிமன்றம் அத்தொகையை 412.5 கோடியாகக் குறைத்தாலும் தீர்ப்பின் பெரும்பகுதி நின்றது. அதே 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையமும் ஆண்ட்ராய்டு ஒப்பந்தங்களுக்காக ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது.

செயலி செய்பவரை இன்னும் நேராகத் தொடுவது வேறொன்று. அறிவிப்பு அனுப்புவது, வரைபடம் காட்டுவது, இடம் அறிவது, செயலி ஓடும் கைபேசி நம்பத்தக்கதா என்று சரிபார்ப்பது போன்ற வேலைகள் 2012 முதல் பிளே சர்வீசஸ் என்ற தனியுரிமைப் பொதிக்குள் மெல்ல மெல்ல நகர்ந்தன. திறந்த மூலநிரலில் அந்தப் பொதி கிடையாது. 2019இல் அமெரிக்க அரசின் வணிகத் தடைக்குப் பிறகு ஹுவாவே வெளியிட்ட மேட் 30 கைபேசி இதை உலகுக்குக் காட்டியது. ஆண்ட்ராய்டின் மூலநிரல் ஹுவாவேக்குத் தடையில்லாமல் கிடைத்தது. கூகுளின் கடையும் சேவைகளும் கிடைக்கவில்லை. சீனத்துக்கு வெளியே அந்த நிறுவனத்தின் கைபேசி வணிகம் சரிந்தது. ரூபினின் கட்டளை வரிகள் அன்றும் பிழையில்லாமல் ஓடியிருக்கும். ஆனால் அவற்றை ஓட்டி முடித்தபின் கையில் கிடைப்பது, செயலி செய்பவர்கள் எதிர்பார்க்கும் தளம் அல்ல.

5. ஒரு விசைப்பலகையின் கதை

தமிழில் கைபேசி பயன்படுத்தத் தொடங்கிய தலைமுறைக்கு ஆண்ட்ராய்டின் ஆரம்ப ஆண்டுகள் நினைவிருக்கும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். அல்லது கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். ஓபரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பிட்மேப் எழுத்துரு என்ற தெரிவை மாற்றினால்தான் தமிழைப் படிக்க முடியும். அந்தத் தகவலை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம். ஐபோனில் தமிழ் எழுத்துகள் அதைவிட ஒழுங்காகவே தெரிந்தன.

உள்ளிடுவதில் நிலைமை நேர்மாறு. 2009 ஏப்ரலில் வந்த ஆண்ட்ராய்டு 1.5 முதற்கொண்டே, கைபேசியின் விசைப்பலகையை எந்த நிரலாளரும் மாற்றி எழுதலாம். எழுதியதை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்தலாம். தமிழ்த் தன்னார்வலர்கள் விசைப்பலகைகளை எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். ஐபோனில் 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8 வரும்வரை இதற்கு இடமில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற செயலிகளால் அதுவரை தம் சொந்தத் திரைக்குள் மட்டும் தமிழ் எழுத இடம் தர முடிந்தது. எழுதி, நகலெடுத்து, செய்தியில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். 2013இல் ஐஓஎஸ் 7 தன்னுடனேயே தமிழ் விசைப்பலகையைக் கொண்டுவந்தது. அது நல்ல விசைப்பலகைதான். ஆனால் எப்போது வரும், எந்த முறையில் வரும் என்பதை முடிவு செய்தது கூபர்டினோவில் இருந்த ஒரு நிறுவனம்.

இரண்டு பாடங்கள் இதில் உண்டு. முதலாவது, திறப்பு என்பது தளம் முழுவதற்கும் ஒரே அளவில் இருக்கும் தன்மை அல்ல. ஆண்ட்ராய்டு விசைப்பலகை மட்டத்தில் திறந்திருந்தது. எழுத்தைத் திரையில் வரையும் மட்டத்தில் மூலநிரல் எல்லோருக்கும் தெரிந்தாலும், அதைத் திருத்தித் தன் கைபேசியில் போட ஒரு தமிழ் நிரலாளரால் முடியவில்லை. கைபேசியின் அமைப்புப் பகுதி பூட்டப்பட்டிருந்தது. அந்தப் பூட்டை உடைத்து ரூட் செய்யத் துணிந்தவர்களால் மட்டுமே எழுத்துருவை மாற்ற முடிந்தது. படிக்கக் கிடைக்கும் நிரலும், மாற்றி ஓட்டக் கிடைக்கும் நிரலும் வேறு வேறு என்பதைத் தமிழர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது பாடம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. திறந்த இடத்தில் வேலை செய்தவர்கள் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. தமிழ்99, அஞ்சல், பாமினி என்று யாருக்கு எது பழக்கமோ அதற்கு ஒரு விசைப்பலகை. இதற்கெல்லாம் சந்தை இருக்கிறதா என்று ஒரு பெரிய நிறுவனத்தின் கூட்டத்தில் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. சிறு மொழிகளுக்கும் சிறு தேவைகளுக்கும் தளத்தின் திறப்பு கொடுக்கும் கொடை இதுவே.

6. கட்டண வாசல்

முப்பது விழுக்காடு என்ற எண் இந்த விவாதத்தின் மையப் புள்ளியாகிவிட்டது. என் பார்வையில் அது காரணம் அல்ல, அறிகுறி. ஒரே விகிதம் இரு தளங்களிலும் பத்தாண்டுக்கு மேல் நின்றது. மூடியது எனப்படும் தளமும் திறந்தது எனப்படும் தளமும் ஒரே விலையைக் கேட்க முடிந்தது என்பதே, இரண்டாவதின் திறப்பு கட்டணத்தை இறக்கும் அழுத்தத்தைத் தரவில்லை என்பதற்குச் சான்று. 2021இல் ஆப்பிள், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குள் வருவாய் ஈட்டுவோருக்கு 15 விழுக்காடு என்று குறைத்தது. கூகுளும் அதே ஆண்டு ஜூலையில் முதல் பத்து லட்சத்துக்கு அதே விகிதத்தைக் கொண்டுவந்தது.

பேரம் பேசும் வலிமை உள்ளவருக்கு விகிதம் வேறு. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் கூகுள் மீது தொடுத்த வழக்கின் விசாரணையில் 2023 நவம்பரில் வெளிவந்த ஒரு தகவல் இதைத் தெளிவாக்கியது. ஸ்பாட்டிஃபை தன் சொந்தப் பணவழியைப் பயன்படுத்தினால் கூகுளுக்கு எதுவும் தரவில்லை, கூகுளின் பணவழியைப் பயன்படுத்தினால் 4 விழுக்காடு தந்தது. இந்திய நிறுவனங்கள் சென்னையில் நீதிமன்றப் படியேறிய அதே காலத்தில் நடப்பிலிருந்த ஏற்பாடு இது.

மாற்றுப் பணவழியை அனுமதிக்கச் சொன்ன ஆணைகள் எப்படி நிறைவேற்றப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25 அன்று பிளே ஸ்டோரின் கட்டாயப் பணவழிக்கு எதிராக ரூ.936.44 கோடி அபராதம் விதித்து, பிற வழிகளை அனுமதிக்க உத்தரவிட்டது. (அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் ரூ.216.69 கோடியாகக் குறைத்தது.) கூகுள் அனுமதித்தது. ஆனால் மாற்றுவழியில் வாங்கினால் தன் பங்கில் 4 புள்ளிகளை மட்டும் குறைத்துக்கொண்டது. 15 என்பது 11 ஆயிற்று, 30 என்பது 26 ஆயிற்று. அமெரிக்காவில் வெளி இணைப்புகளை அனுமதிக்கச் சொன்ன ஆணைக்கு ஆப்பிள் 2024 ஜனவரியில் தந்த விடை 27 விழுக்காடு. அட்டைப் பணத்தைக் கையாளும் நிறுவனத்துக்கு நிரலாளர் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ அந்த மூன்று நான்கு புள்ளிகள்தான். கூட்டிப் பார்த்தால் மிச்சம் எதுவுமில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதி இவான் கொன்சாலெஸ் ராஜர்ஸ், தம் ஆணையை ஆப்பிள் வேண்டுமென்றே மீறியது என்று கண்டறிந்தார். ஆணை ஒரு வாசலைத் திறக்கச் சொல்கிறது. சாலை முழுவதும் ஒருவர் கையில் இருந்தால், சுங்கச்சாவடியைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும்.

7. மூடியவர் வென்றார், திறந்தவர் தோற்றார்

2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் சொந்தப் பணவழியைச் சேர்த்தது. அதே நாளில் ஆப்பிளும் கூகுளும் அந்த விளையாட்டை நீக்கின. எபிக் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. ஒரே செயல், ஒரே மாதிரியான எதிர்வினை. முடிவுகள் நேரெதிர். 2021 செப்டம்பரில் ஆப்பிள் பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்பதில் வென்றது. 2023 டிசம்பர் 11 அன்று கூகுள் சட்டத்துக்கு மாறாக ஏகபோகம் நடத்தியது என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது.

ஏன் இப்படி? சந்தையை வரையறுத்த விதம் ஒரு காரணம். நீதிபதி கேட்ட வழக்கு, நடுவர்கள் கேட்ட வழக்கு என்பது இன்னொன்று. மூன்றாவது காரணமே நம் கேள்விக்கு நெருக்கமானது. ஆப்பிள் யாருக்கும் எதையும் திறந்து வைக்கவில்லை. ஆகவே யாரையும் தடுக்க ஒப்பந்தம் போட வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை. பூட்டு வடிவமைப்பிலேயே இருந்தது. கூகுள் மற்றவர்களுக்கு இடமுள்ள ஒரு தளத்தை நடத்தியது. மாற்றுக் கடைகள் வளராமல் பார்த்துக்கொள்ளக் கைபேசி நிறுவனங்களோடும் பெரிய விளையாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தங்கள் செய்ய வேண்டியிருந்தது. ஆக்டிவிஷனோடு செய்த ஒன்றின் மதிப்பு மட்டும் 36 கோடி டாலர் அளவு. ஒப்பந்தங்கள் காகிதத்தில் இருக்கும். காகிதம் நீதிமன்றத்துக்கு வரும். 2025 ஜூலை 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூகுளுக்கு எதிரான தீர்ப்பை உறுதிசெய்தது. ஆப்பிள் வழக்கின் முடிவு தன்னையும் காப்பாற்ற வேண்டும் என்ற கூகுளின் வாதத்தை அது ஏற்கவில்லை.

சட்டத்தின் தர்க்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. இருப்பதைக் கெடுப்பது குற்றம், இல்லாததைத் தராதது அப்படியல்ல. ஆனால் தளம் நடத்தும் ஒருவர் இதிலிருந்து என்ன பாடம் கற்பார் என்பது கவலைக்குரியது. பாதி திறந்து வைப்பது ஆபத்து, முதலிலேயே முழுதாக மூடிவிடுவது பாதுகாப்பு என்ற பாடம் அது. நிரலாளர்களின் நலனுக்காக எழுந்த போட்டிச் சட்டம், தொலைநோக்கில் அவர்களுக்கு எதிரான ஊக்கத்தை உருவாக்கிவிடக்கூடும்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 2024 மார்ச் 7 முதல் பெரிய தளங்கள் கடைப்பிடிக்க வேண்டியிருந்த டிஜிட்டல் சந்தைகள் சட்டம், அவை மாற்றுக் கடைகளை அனுமதிக்க வேண்டும் என்று நேரடியாகவே கட்டளையிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆல்ட்ஸ்டோர் என்ற மாற்றுக் கடை ஐரோப்பிய ஐபோன்களில் சட்டப்படி வந்தது. ஆனால் அந்தக் கடைகளுக்குப் போகும் செயலியும் முதலில் ஆப்பிளிடம் சான்று பெற வேண்டும். 2024 ஜூனில் கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் யூடிஎம் என்ற செயலி ஆப்பிளின் கடையில் மறுக்கப்பட்டது. மாற்றுக் கடைக்கான சான்றும் அதற்கு மறுக்கப்பட்டது. அடுத்த மாதம் ஆப்பிள் மனம் மாறி அனுமதித்தது என்பது வேறு விஷயம். அந்த ஒரு மாதம், ஐரோப்பாவில் கடைகள் பலவாக இருந்தும், மறுக்கப்பட்ட செயலிக்குப் போக இடமில்லை. ஐரோப்பியச் சட்டத்துக்குப் பின்னும் ஐபோன் மூடிய தளமே என்று நான் கொள்வது இதனால்தான்.

8. பாதுகாப்பு என்னும் வாதம்

மூடிய தளத்தின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் வாதங்களில் இதுவே வலுவானது. சிறுமைப்படுத்தக் கூடாதது. கல்யாணப் பத்திரிகை என்றும் வங்கி அறிவிப்பு என்றும் வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டுப் பணத்தை இழந்தவர்கள் இந்தியாவெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதன்முறையாக இணையத்துக்கு வந்தவர்கள், வயதானவர்கள். திறந்த தளம் வேண்டும் என்று வாதிடுபவர் அவர்கள் முகத்தைப் பார்த்தே அதைச் சொல்ல வேண்டும். அமெரிக்க நீதிமன்றங்களும் ஆப்பிள் முன்வைத்த பாதுகாப்புக் காரணத்தை ஏற்கத்தக்கதாகவே கண்டன.

எனினும் சான்றுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இணையத்திலிருந்து நேரே நிறுவப்படும் செயலிகளில், பிளே ஸ்டோரில் இருப்பதைவிட 50 மடங்குக்கும் மேல் தீநிரல் இருப்பதாகக் கூகுள் 2025இல் கூறியது. அளந்தவரும் அந்த அளவீட்டால் பயன்பெறுபவரும் ஒருவரே. அதோடு, இணையம் என்ற ஒரே கூடைக்குள் வாட்ஸப்பில் சுற்றும் மோசடிக் கோப்பும், ஒவ்வொரு செயலியின் மூலநிரலையும் பொதுவில் வைத்துத் தானே தொகுத்துத் தரும் எஃப்-ட்ராய்டு போன்ற கடையும் சேர்ந்தே விழுகின்றன. 2010 முதல் இயங்கும் எஃப்-ட்ராய்டு கட்டற்ற மென்பொருள் செயலிகளை மட்டுமே வைப்பது. மறுபக்கம், 2015 செப்டம்பரில் வெளிப்பட்ட எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற தீநிரல், நிரலாளர்கள் பயன்படுத்திய கருவியின் போலிப் பிரதி வழியாக ஆப் ஸ்டோருக்குள்ளேயே நுழைந்தது. வீசாட் போன்ற புகழ்பெற்ற செயலியின் ஒரு பதிப்பும் அதில் அடக்கம். ஆப்பிளின் சோதனை அதைப் பிடிக்கவில்லை.

ஆபத்தைக் குறைப்பதற்கும் மறுக்கும் அதிகாரத்தை ஓரிடத்தில் குவிப்பதற்கும் இடையே தூரம் உண்டு. எந்தச் செயலிக்கு நிறுவும் அனுமதி கொடுக்கிறோம் என்பதைத் தனித்தனியே கேட்கும் முறையை ஆண்ட்ராய்டு 2017இல் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்த செயலிகள் ஆபத்தான அனுமதிகளை எளிதில் பெற முடியாதபடி 2022இல் கட்டுப்பாடு வந்தது. இவை பயனரை எச்சரிக்கின்றன, தாமதப்படுத்துகின்றன. முடிவை அவரிடமிருந்து பறிப்பதில்லை. பாதுகாப்பின் பெயரால் செய்யக்கூடிய நியாயமான வேலை இந்தத் திசையில் இன்னும் நிறைய இருக்கிறது.

9. 2025 ஆகஸ்ட் அறிவிப்பு

2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு மாற்றத்தை அறிவித்தது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நிறுவப்படும் செயலி எதுவானாலும், எங்கிருந்து வந்தாலும், அதைச் செய்தவர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடக்கம். 2027 முதல் மற்ற நாடுகளுக்கு விரிவு. செயலியின் உள்ளடக்கத்தைத் தாங்கள் சோதிக்கப் போவதில்லை, செய்தவர் யார் என்பதை மட்டுமே பார்க்கிறோம் என்பது கூகுளின் விளக்கம். விமான நிலையத்தில் அடையாள அட்டை பார்ப்பதோடு அவர்கள் இதை ஒப்பிட்டார்கள்.

எதிர்ப்பு வலுத்தபின், அதே ஆண்டு நவம்பரில் இரண்டு தளர்வுகளைக் கூகுள் அறிவித்தது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கும், சில கைபேசிகளுக்கு மட்டும் கொடுக்கக்கூடிய ஒரு கணக்கு. ஆபத்தை அறிந்தே நிறுவ விரும்பும் அனுபவமுள்ள பயனருக்கு, எச்சரிக்கைகளைத் தாண்டிச் செல்லும் ஒரு தனிப்பாதை. இந்தத் தனிப்பாதையைச் சாதாரண மனிதர் கடக்க முடியுமா என்பதைப் பொறுத்தே ஆண்ட்ராய்டு இனி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது இருக்கும். பாரத் மேட்ரிமோனி விவகாரம் காட்டியபடி, இருக்கும் பாதையே பெரும்பாலோர் நடக்காத ஒற்றையடிப் பாதை. அதில் இன்னும் ஒரு வேலி வந்தால், கணக்குக்குப் பாதை இருக்கும், நடப்பவர் இருக்கமாட்டார்.

ஐபோனில் இந்த வேலியின் முழு வடிவத்தை ஏற்கனவே காணலாம். ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய ஐபோனில், தாமே எழுதிய செயலியை ஆண்டுக் கட்டணம் கட்டாமல் போட்டுப் பார்க்கலாம். ஏழு நாளில் அது திறக்காமல் போகும். மறுபடியும் கணினியோடு இணைத்து மறுபடியும் போட வேண்டும்.

எஃப்-ட்ராய்டு 2025 செப்டம்பரிலேயே தன் நிலையைச் சொல்லிவிட்டது. தன்னிடம் உள்ள செயலிகளைச் செய்த தன்னார்வலர்களைக் கூகுளிடம் பதிவு செய்யுமாறு அதனால் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் சார்பில் தானே பதிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் அப்படிச் செய்தால் செயலியின் அடையாளப் பெயர் மீதான உரிமையே செய்தவரிடமிருந்து எஃப்-ட்ராய்டின் கைக்கு மாறிவிடும். அறிவித்தபடியே ஆணை நடைமுறைக்கு வந்தால் தன் திட்டம் முடிவுக்கு வந்துவிடும் என்றது அது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் விசைப்பலகையை எழுதி, இலவசமாக விட்டுவிட்டு, வேலை, குடும்பம் என்று வேறு பக்கம் போய்விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோப்பு இன்னும் யாரோ ஒருவரின் பழைய கைபேசியில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் அந்தக் கைபேசியை மாற்றும் நாளில், அதே கோப்பைப் புதியதில் போட்டுப் பார்ப்பார்.